போயிட்டு வர ஒரு ஃபாரம்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. மறைக்க வேண்டிய காரணம் ஒன்றுமில்லை. அவருடைய கோப்பில் அந்தப் பெயர் மூன்று விதமாக இருந்தது. தோட்டத்துரை கொடுத்த கடிதத்தில் ஒன்று, அரிசிக் கூப்பன் புத்தகத்தில் ஒன்று, அவரே கொடுத்த வாக்குமூலத்தில் இன்னொன்று. எதை எழுதினாலும் மற்ற இரண்டும் கோபித்துக்கொள்ளும். கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையிலும் யாரும் பெயர் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. தமிழர் அக்கா என்றார்கள், முஸ்லிம்கள் ராத்தா என்றார்கள், சிங்களவர் அக்கே என்றார்கள். எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்த்தார்.

பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் முதலாளியின் சேலைக்கடையில் அவர் விற்பனைப் பெண். இறக்குமதிக்கு நாட்டின் கதவுகளைத் திறந்துவிட்டு ஓரிரண்டு வருடம் ஆகியிருந்த காலம் அது. அதற்கு முன் ஒரு நல்ல சேலையைப் பார்ப்பதற்கே கல்யாண வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. இப்போது தலைமன்னார் கப்பலில் இந்தியச் சேலைகள் பொதி பொதியாக வந்து இறங்கின. நான் யாழ்ப்பாணத்து வடமராட்சியிலிருந்து மாற்றலாகிக் கண்டிக்கு வந்த புது எழுதுவினைஞன். மனைவியைக் கூட்டிவர ஊருக்குப் போகுமுன் ஒரு சேலை வாங்கலாம் என்று அந்தக் கடைக்குள் போனேன்.

"நீல நிறத்தில ஏதும் இருக்கோ?" என்று கேட்டேன்.

"இருக்கு, இருக்கு. உதில இருங்கோ. மனுசிக்கோ, அம்மாவுக்கோ?"

எங்கள் ஊருக்கே உரிய அந்த 'உதில'வைக் கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. கண்டிக்கு வந்து ஆறு வாரமாக என்னிடம் ஒருவரும் 'உதில' என்று சொன்னதில்லை.

"மனுசிக்கு. நீங்கள் எவ்விடம்?"

"நீங்கள் எவ்விடம்?"

"கரவெட்டிப் பக்கம்."

"அட, நானும் அங்காலதான்! இஞ்ச பாருங்கோ, இந்தக் கரை எவ்வளவு வடிவு."

நீலச் சேலை கேட்டுப் போனவன் பச்சைச் சேலையோடு வெளியே வந்தேன். அன்றே அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன்: கட்டுகஸ்தோட்டையில் நம் ஊர்ப் பெண் ஒருவர் இருக்கிறார், வயது முப்பத்தைந்து இருக்கும், நெற்றியில் சின்னத் தழும்பு, ஆர் வீட்டுப் பிள்ளை என்று விசாரியுங்கள். அம்மா ஊரெல்லாம் விசாரித்தார். அப்படி ஒரு பிள்ளை கண்டிக்குப் போனதில்லை என்று பதில் வந்தது. ஆனால் அதற்குள் ஊரில் ஒரு குடும்பம், காணாமல்போன தங்கள் ஒன்றுவிட்ட சகோதரியாக இருக்கலாம் என்று நம்பத் தொடங்கிவிட்டது. அதை நிறுத்துவதற்கு நான் இன்னும் மூன்று கடிதம் எழுத வேண்டியிருந்தது.

உண்மை தெரிந்தது அடுத்த மாதம். பச்சையைப் பார்த்து முகம் சுளித்த மனைவியோடு அதை மாற்றப் போனேன். கடையில் எனக்கு முன் அக்குறணையிலிருந்து வந்த ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். அவர்களிடம் அவர், "இதெ எடுங்கொ உம்மா, நிக்காஹ்வுக்கு இத விட நல்ல சாரி இல்ல, இன்னம் ரெண்டு நெறத்துல ஈக்கி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தாய் உருகிப்போய், "நீங்க அக்குறணைல யார்ட மகள்?" என்று கேட்டாள். அவர் கூசாமல், "நீங்க யார்ட மகள்?" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்து, பாலத்தடியில் நின்று சிரித்தேன். எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று மனைவி முடிவுசெய்தாள்.

ஏமாற்றுவதற்காக அவர் அப்படிப் பேசவில்லை. அதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில நாள் ஆனது. எதிரில் நிற்பவர் இரண்டு வசனம் பேசினால் போதும், மூன்றாவது வசனம் அவர் வாயிலிருந்து அதே இழுவையோடு வந்துவிடும். கொட்டாவி தொற்றுவது போலத்தான். திக்குவாய்க்காரர் ஒருவர் கடைக்கு வந்த நாளில் முதலாளி இவரைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டார். ஏன் கல்யாணம் செய்யவில்லை என்று யாராவது கேட்டால், "கேட்டு வந்தவங்க ஆளுக்கு ஒரு பேச்சு பேசினாங்க. யாரு பேச்சைக் கேக்குறதுன்னு தெரியல" என்பார். கேட்டவர் மலையகத்தவர் என்றால்தான் இந்தப் பேச்சு. எங்களிடம் சொல்லும்போது அது, "ஆற்றை பேச்சைக் கேக்கிறது?" என்று ஆகிவிடும்.

அவருடைய கோப்பு என் மேசைக்கு வந்தபோதுதான் அவர் யார் என்று எனக்குத் தெரிந்தது.

நான் வேலை பார்த்தது குடியுரிமை விசாரிக்கும் ஒரு கந்தோரில். தேயிலைத் தோட்டங்களுக்காக இந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், சுதந்திரத்துக்குப் பிறகு எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நின்றார்கள். பின்னர் இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டன. போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம், இருக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அவர் கலகெதரப் பக்கம் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அண்ணன் போவதற்கு விண்ணப்பித்தார். இவருக்குக் கடை பிடித்திருந்தது, இருப்பதற்கு விண்ணப்பித்தார். அண்ணன் கப்பலேறிக் கோத்தகிரிக்குப் போய் ஏழு வருடம். இவருடைய விண்ணப்பமோ எங்கள் கந்தோரில் ஒரு அலுமாரியிலிருந்து இன்னொரு அலுமாரிக்குப் போய்க்கொண்டிருந்தது.

அன்று என் மேசைக்கு முன் வந்து நின்றவர், நான் வாய் திறக்குமுன் பேசத் தொடங்கினார். அதனால் அது மலைநாட்டுப் பேச்சாக இருந்தது.

"கிளாக்கர் ஐயா, அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்காங்க. தை மாசம். நான் போகணுங்க."

"போறதெண்டால் அது மற்ற விண்ணப்பம் அக்கா. போனால் திரும்பி வர ஏலாது."

"நான் திரும்பி வரோணும் தம்பி. கடையில ஆர் நிக்கிறது?" வந்துவிட்டது, என் பேச்சு. "போறதுக்கு ஒரு ஃபாரம் வச்சிருக்கிறியள். இருக்கிறதுக்கு ஒரு ஃபாரம் வச்சிருக்கிறியள். போயிட்டு வாறதுக்கு ஒரு ஃபாரம் இல்லையோ?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவரை நான் சிரிக்காமல் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அக்குறணையில முதலாளிக்குக் கராம்பு நான்தான் பாத்து வாங்கிக் குடுக்கிறன். அது கப்பல்ல போகுது. சேலை கப்பல்ல வருது. முதலாளி வருசத்தில நாலு தரம் இந்தியாவுக்குப் போட்டு வாறார். நான் மட்டும் கண்டியைத் தாண்டி எங்கயும் போகேல்லை."

பிரஜாவுரிமை கிடைத்தால் கடவுச்சீட்டு எடுக்கலாம், அதுதான் போய்விட்டு வருவதற்கான ஃபாரம் என்று சொன்னேன். கோப்பைத் தூசு தட்டி மேலே வைத்தேன். விசாரணைக்கு நாள் கிடைத்தது.

விசாரணை அதிகாரி ஒரு சிங்களவர். நேர்மையானவர், ஆனால் காகிதம் இல்லாவிட்டால் தன் நிழலைக்கூட நம்பமாட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. அன்றைக்கென்று வந்த மொழிபெயர்ப்பாளர் பத்து வருடம் மதராஸில் இருந்து படித்தவர்.

"எங்கம்மா பொறந்தே நீ?" என்று அவர் கேட்டார்.

நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன்.

"இங்கதான் சார் பொறந்தேன். பின்ன எங்க?"

"எத்தினி வருஷமா இங்க இருக்கே?"

"இன்னா சார் இப்பிடிக் கேக்குறே? பொறந்ததுலேர்ந்து இங்கதான் கீறேன். நம்பு சார்!"

மொழிபெயர்ப்பாளர் பேனையை வைத்துவிட்டு அதிகாரியின் காதில் குனிந்தார். இந்தப் பெண் பேசுவது சுத்தமான மதராஸ்; அண்மையில் கள்ளத்தோணியில் வந்தவளாகத்தான் இருக்கும். அதிகாரி கோப்பில் எதையோ எழுதினார். மேலதிக விசாரணை என்று மூடினார்.

வெளியே வந்து மர வாங்கில் உட்கார்ந்தவர் முதலில் சிரித்தார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் என்ன செய்யிறது? வாய் தானாப் போகுது. கள்ளத்தோணியாம். தோணியை நான் படத்திலதான் பாத்தனான்."

இரண்டாவது விசாரணைக்கு முன் நானும் மனைவியும் அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தோம். ஆமா, இல்லை, இந்த இரண்டு சொல்லைத் தவிர வேறெதுவும் பேசக்கூடாது. மனைவி மொழிபெயர்ப்பாளராக நடித்தாள். அவர் ஐந்து கேள்வி வரைக்கும் தாக்குப்பிடித்தார். ஆறாவதில் மனைவியைப் போலவே கையை இடுப்பில் வைத்து, "ஓமப்பா, எத்தினை தரம் சொல்லுறது?" என்றார். அதை நான் வீட்டில் நாளுக்கு நாலு தரம் கேட்பவன். சிரித்துக் கதிரையிலிருந்து விழுந்தேன். அதற்காக ஒருவாரம் எனக்குச் சரியான சாப்பாடு கிடைக்கவில்லை.

விசாரணை நாளில் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஆமா, இல்லை என்றே போய்க்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பாளர் சலித்துப்போனார். அதிகாரி, இவளுக்குப் பேச்சு வராதா என்று தனக்குள் சிங்களத்தில் முணுமுணுத்தார். அவர் முன்னால் வைத்த தேநீர் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் இவருக்குப் பொறுக்கவில்லை.

"மஹத்தயா, தே எக்க நிவெனவா!"

ஐயா, தேநீர் ஆறிப்போகிறது என்று அவர் சொன்னது அதிகாரியின் தாயார் சொல்வதுபோலவே இருந்ததாம். அதிகாரி கலகெதரக்காரர். அவர் நிமிர்ந்தார். எங்கே படித்தாய் இந்தப் பேச்சை என்று கேட்டார். கலகெதரவில், லயத்துக்குக் கீழே கிராமத்துப் பீலியில்தானே குளித்தோம் என்று இவர் சொன்னார். பிறகு இருவரும் அந்தப் பீலியைப் பற்றியும் பலாமரத்தைப் பற்றியும் கால்மணி நேரம் பேசினார்கள். காரியம் முடிந்தது என்று நான் மனதுக்குள் கைதட்டினேன். அப்போதுதான் அதிகாரியின் முகம் மாறியது.

அவர் என்னைக் கூப்பிட்டார். "எனக்கு ஒன்று புரியவில்லை. இவள் என் பேச்சைத்தானே எனக்குத் திருப்பிச் சொல்கிறாள்? அன்றைக்கு மதராஸ், இன்றைக்குக் கலகெதர. நாளைக்கு ஒரு ஜப்பான்காரன் விசாரித்தால்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் துணிந்து சொன்னேன்: "சேர், ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்து பாருங்கள்."

வந்தார். தலையில் தொப்பி, கையில் குடை. இருவரும் ஆண்கள் உடுக்கும் சாரம் அடுக்கியிருந்த தட்டுக்குப் பின்னால் மறைந்து நின்றோம். முதலாளி எங்களைப் பார்த்துவிட்டு, விலைக் கட்டுப்பாட்டுக்காரர்கள் சோதிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நடுங்கிப்போனார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு சோடாவாக எங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்.

அதிகாரிக்கு எல்லாத் தமிழும் ஒன்றுபோல்தான் கேட்டது. அதனால் நான் கிரிக்கெட் வர்ணனை போல அவர் காதில் சொல்ல வேண்டியிருந்தது. "சேர், இப்போது வந்திருப்பது யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரித் தாதி. கேளுங்கள், அவர் யாழ்ப்பாணம் பேசுகிறார். இப்போது அக்குறணை. பேச்சு மாறிவிட்டது, கவனித்தீர்களா? இது ஹந்தானைத் தோட்டத்துப் பெண், மலைநாட்டுத் தமிழ். இவர் இராமேஸ்வரத்திலிருந்து சேலை கொண்டுவந்த வியாபாரி." அடுத்து ஒரு சிங்கள ஆசிரியை வந்தார். அதற்கு என் உதவி தேவைப்படவில்லை. அதிகாரி விரலை மடக்கிக்கொண்டே வந்தவர், ஐந்தாவது விரலில் சோடா புரைக்கேறி இருமத் தொடங்கினார்.

"மஹத்தயா," என்று அக்கா சேலையை மடித்தபடியே, திரும்பிப் பாராமல் சிங்களத்தில் சொன்னார், "நீங்கள் அரைமணி நேரமாகப் பிடித்திருக்கிற அந்தச் சாரம் உங்களுக்குப் பொருந்தாது. நீலக் கோடு போட்டதை எடுங்கள்."

அதிகாரி நீலக் கோடு போட்டதை எடுத்தார். பஸ் தரிப்பு வரைக்கும் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். அங்கே வந்து குடையைத் தரையில் தட்டிச் சொன்னார்: "கள்ளத்தோணியில் வந்தவளுக்கு ஒரு பேச்சுத்தான் தெரிந்திருக்கும். இத்தனையும் பேச வேண்டுமென்றால் கண்டியில் பிறந்து கண்டியிலேயே கிடந்திருக்க வேண்டும். வேறு எந்த ஊரில் இத்தனை பேர் ஒரே கடைக்கு வருகிறார்கள்?"

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் காகிதத்து மனிதர். "இதைக் கோப்பில் எழுத முடியாது" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பழைய மாணவர் இடாப்பைத் தேடியிருக்கிறார். கறையான் பாதி தின்ற ஒரு புத்தகத்தில் இரண்டாம் வகுப்பில் அக்காவின் பெயர் இருந்தது. நான்காவது விதமாக. அதற்கு நேரே ஆசிரியர் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: வகுப்பில் பிறரைப் போலப் பேசிக் காட்டியதற்காக மூன்று தடவை தண்டிக்கப்பட்டவர்.

அதிகாரி அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, ஒரு பரிசை வைப்பதுபோல என் மேசையில் வைத்தார்.

பிரஜாவுரிமை வந்தது. கடவுச்சீட்டும் வந்தது. விசா கிடைத்த அன்று அவர் கடையை விட்டு ஓடி வந்து, எங்கள் கந்தோர்ப் படியில் நின்று யாழ்ப்பாணத்திலும் சிங்களத்திலும் மாறி மாறிக் கத்தினார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும், காரணம் தெரியாமலே கைதட்டினார்கள். தை மாதத்தில் முதலாளியோடும் அவர் மனைவியோடும் தலைமன்னார் ரயில் ஏறினார்.

ஒரு மாதத்துக்குப் பிறகு முதலாளி மட்டும் கடையில் இருந்தார். நடந்ததை அவர் சொன்னார். அக்கரையில் இறங்கியதும் அங்கே ஒரு அதிகாரி இவரிடம் இரண்டு கேள்வி கேட்டாராம். மூன்றாவதற்கு இவர் அந்த மனுசனின் பேச்சிலேயே பதில் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். "இது நம்மூருப் பொம்பளை. சிலோன்காரி பாஸ்போர்ட்டை வச்சுக்கிட்டு நிக்கிது" என்று ஒரு அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். முதலாளி எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு எப்படியோ விட்டுவிட்டார்கள். எப்படி என்று முதலாளிக்குத் தெரியாது. அங்கிருந்து இவர் தனியாகக் கோத்தகிரிக்கு பஸ் ஏறிவிட்டார். கல்யாணம் முடிந்து இரண்டு வாரமாகியும் வரவில்லை.

"வராம நிண்டுடுவாவோ?" என்று மனைவி கேட்டாள். அண்ணன் இருக்கிறார், அங்கேயும் தேயிலை இருக்கிறது. யார்தான் திரும்பி வருவார்கள்?

ஒரு ஞாயிறு காலை எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு பை. மெலிந்திருந்தார்.

"எப்ப வந்தனீங்கள்? எப்பிடி உங்களை விட்டவங்கள்?" என்று நான் பாய்ந்தேன்.

"அதை ஏன் கேக்குறீங்க" என்றார். "அந்த ரூம்புல வச்சு பூட்டுனாங்க பாருங்க, எனக்கு ஈரக்கொலை நடுங்கிப்போச்சு. அழுதேன். அழுகையில எங்க அம்மா பேச்சு வந்திருச்சு. 'அய்யோ மாத்தியா, நான் கலகெதரயில லயத்துப் புள்ளங்க, கட்டுகஸ்தோட்டையில கடையில நிக்கிறேங்க'ன்னு அழுதேன். அந்தாளு, 'மாத்தியாவா? நம்ம ஊர்ல யாரு அப்படிக் கூப்பிடுறா? இது சிலோன்காரிதான், போகச் சொல்லு'ன்னுட்டாரு."

அவர் சிரித்தார். எனக்கு ஏதோ இடித்தது. என்னவென்று பிடிபடவில்லை.

"கோத்தகிரியில ஒரு லயம் பூரா நம்ம ஆளுங்க. அவங்களை அங்க 'சிலோன்காரங்க'ன்னுதான் கூப்பிடுறாங்க. இங்க இருந்தப்ப இந்தியாக்காரன்னாங்க, பாருங்க கூத்தை! அண்ணனும் என்னைய மாதிரி பத்துப் பேச்சு பேசுவாருன்னு நெனச்சுப் போனேன். ஒண்ணுமே மாத்தலைங்க. அம்மா பேசுன மாதிரியே பேசுறாரு. அவரு பொண்ணுகூட அப்படித்தான். ஒரு மாசம் அதைக் கேட்டுக்கிட்டே இருந்தேன். வர மனசில்லை. அப்புறம் அண்ணன்தான், 'உனக்கு அங்க கடை இருக்கு, போ. வருசா வருசம் வா'ன்னு பஸ் ஏத்திவிட்டாரு."

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. நான் இரண்டு வசனம் பேசிவிட்டேன். அவர் மூன்றாவது, நான்காவது, பத்தாவது வசனம் பேசிவிட்டார். அவர் முகத்துக்கு நேரே ஒரு வடமராட்சிக்காரன் நிற்கிறான். ஆனாலும் அவர் பேசியது அவருடைய பேச்சாகவே இருந்தது. இத்தனை நாளில் அவரை நான் கேட்டதே இல்லை என்று தோன்றியது. வாசலிலேயே நிற்க வைத்துவிட்டேனே என்று பதறி, கதிரையை இழுத்துப் போட்டேன்.

"உள்ள வாங்க அக்கா, உக்காருங்க. ஏன் அங்கனையே நிக்கிறீங்க?" என்றேன்.

சமையலறையில் எதுவோ விழுந்து உருண்டது. மனைவி கரண்டியோடு ஓடிவந்து என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அக்கா கதிரையில் உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, தரையில் உட்கார்ந்து சிரித்தார்.